உங்களுக்குத் தெரியுமா? சைக்கிள் சுற்றினால் செய்தி வரும்!

1990களில் போர் நடந்த இலங்கையின் வடபகுதிக்குள் பற்றறி கொண்டுபோகத் தடை. மின்சாரமும் இல்லை. யாழ்ப்பாணம், வன்னி, மன்னாரின் பெருநிலப் பக்கம் எங்கும் வானொலிப் பெட்டிகள் ஊமையாகிவிட்டன. திருச்சி வானொலி கடல் தாண்டி வரும். ஆனால் பெட்டி பேசினால்தானே!

கைகொடுத்தது சைக்கிள் டைனமோ. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சூழ்ந்திருந்து பிபிசி தமிழோசை கேட்டார்கள்.

டைனமோவுக்குள் ஒரு காந்தம் கம்பிச்சுருளுக்கு நடுவே சுழல்கிறது. கிடைப்பது சுமார் 6 வோல்ட். நான்கு பற்றறி போட்டாலும் அதே 6 வோல்ட்தான் என்பது நல்லகாலம். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்டம். பெட்டிக்கு வேண்டியது நேரோட்டம். பழுதான பெட்டியிலிருந்து கழற்றிய டயோட்டுகள் ஓட்டத்தை ஒரே திசைக்குத் திருப்பும். ஒரு கொள்ளளவி அதன் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தி இரைச்சலைத் தணிக்கும். ஆர்வத்தில் வேகமாகச் சுற்றினால் வோல்ட் எகிறும், பெட்டிக்கு ஆபத்து. கை ஓய்ந்தாலோ, அறிவிப்பாளரின் குரலும் தேய்ந்துவிடும்.

இலங்கை வானொலி பிறந்ததும் கழற்றிய பாகங்களில்தான். பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கி ஒன்றின் வானொலிக் கருவியைக் கொண்டு, தலைமைப் பொறியியலாளர் எட்வர்ட் ஹாப்பர் காலத்துத் தந்தித் திணைக்களப் பொறியியலாளர்கள் ஒரு சிறிய ஒலிபரப்பியைக் கட்டினார்கள். 1923இல் கொழும்புத் தந்தி அலுவலகத்தின் சின்ன அறையொன்றிலிருந்து இசைத்தட்டுப் பாட்டு காற்றில் போனது. முறையான சேவை தொடங்கியது 1925 டிசம்பர் 16இல்.