ரூம் எங்கே போட்டிருக்கீங்க?

சென்னையில் வந்திறங்கிய ஒருவர் “சார், இங்கே எங்கே சாப்பாடு நல்லா இருக்கும்?” என்று கேட்டால், முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பதில் உடனே வராது. கேள்விகள்தான் வரும். ரூம் எங்கே போட்டிருக்கீங்க? சைவமா, கறி மீன் உண்டா? காரம் ஆகுமா? கூட பெரியவங்க இருக்காங்களா? ராத்திரி வண்டி எத்தனை மணிக்கு? இத்தனையும் விசாரித்துவிட்டுத்தான் லாட்ஜ் மேனேஜரோ, வெற்றிலை பாக்குக் கடைக்காரரோ, ரிக்‌ஷாக்காரரோ கையை நீட்டி வழி காட்டுவார். இன்று எதிர்க்கேள்வி ஏதும் கிடையாது. கைபேசியில் 4.3 என்று ஓர் எண் வரும். அதற்குக் கீழே எத்தனை கிலோமீட்டர் என்று இன்னோர் எண். பேச்சு முடிந்தது.

இதைப் புலம்பலாக எழுதும் உத்தேசம் இல்லை. ஏனென்றால் இன்னும் பின்னோக்கிப் போனால், அந்தப் பழைய விசாரணையில் எல்லாவற்றுக்கும் முந்திய கேள்வி ஒன்று இருந்தது. சில நேரம் வாய்விட்டுக் கேட்பார்கள்; பல நேரம் நெற்றியையும் வேட்டிக்கட்டையும் பேச்சையும் வைத்தே முடிவு செய்துகொள்வார்கள். வந்தவர் என்ன சாதி என்பதுதான் அது. சிற்றுண்டிச் சாலைகள் இந்த ஊரில் பரவிய காலத்திலேயே பெயர்ப்பலகைகளில் ‘பிராமணாள்’ என்ற சொல்லும் ஏறிக்கொண்டது. ரயில் நிலையச் சாப்பாட்டு அறைகளில்கூட பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். 1941-ல்தான் அந்தப் பிரிவினையை எடுத்தார்கள். ஊருக்குள் பலகைகள் அதற்குப் பிறகும் நெடுநாள் தொங்கின. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் திராவிடர் கழகத் தொண்டர்கள் மறியல் செய்து மாதக்கணக்கில் கைதாகிக்கொண்டிருந்தது, பலகையில் இருந்த அந்த ஒரு சொல்லை எடுக்கச் சொல்லித்தான். அந்த நாளில் ஒருவருக்கு ஓட்டல் சொல்வதென்றால், எந்த வாசலில் அவரைத் தடுத்து நிறுத்த மாட்டார்கள் என்று சொல்வதும் அதில் அடக்கம். ருசியெல்லாம் அதற்கப்புறம்.

காசு வைத்திருப்பவர் யாரும் உள்ளே போய் உட்காரலாம் என்று ஆன பிறகே இந்த ஊரில் பரிந்துரை என்பது உண்மையில் சாப்பாட்டைப் பற்றிய பேச்சானது. அப்படிப் பேச மவுண்ட் ரோடைச் சுற்றி நல்ல பெயர்கள் இருந்தன. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து, ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் ஓட்டல் வேலை பார்த்த கிருஷ்ண ராவ், மவுண்ட் ரோடில் சொந்தக் கடை போட்டார். பிறகு 1938-ல் ராயப்பேட்டையில் ராமநாதபுரம் ராஜாவின் பங்களாவை எடுத்து உட்லண்ட்ஸ் தொடங்கினார். 1951-ல் புகாரி வந்தது. தென்மாவட்டங்களிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் மவுண்ட் ரோடில் ஒரு படம் பார்க்காமல் ஊர் திரும்புவதில்லை. காசினோவிலோ, சபையரிலோ, தேவியிலோ, சாந்தியிலோ படம் விட்டு வெளியே வந்தால் அசைவக்காரருக்கு அடுத்த வேலை புகாரியில் பிரியாணி. 1965-ல் அங்கே பிறந்ததால்தான் சிக்கன் 65 என்பது அந்த ஓட்டலின் கணக்கு. அறுபத்தைந்து மிளகாய், மெனுவில் அறுபத்தைந்தாவது வரி என்று வேறு கதைகளும் உண்டு. சாப்பிடுகிறவருக்கு எது உண்மையானால் என்ன.

சென்னைக்காரர்களிடம் அப்போது ஓட்டல்களில் இரண்டு தினுசு இருந்தது: விருந்தாளியை அனுப்பி வைக்கும் ஓட்டல், கூட்டிக்கொண்டு போகும் ஓட்டல். கூட்டிக்கொண்டு போவது நம் பெருமையைக் காட்ட. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்த தாசப்பிரகாஷில் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுப்பது அந்த ரகம். கதீட்ரல் ரோடு டிரைவ்-இன் உட்லண்ட்ஸ் அதற்கும் ஒரு படி மேல். 1962-ல் திறந்தது. மரநிழலில் காரை நிறுத்தினால் ஜன்னலில் தட்டை மாட்டித் தோசை வைப்பார்கள். காரில்லாதவர்களும் போனார்கள், உள்ளே மேஜை நாற்காலி இருந்தது. ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வந்த மைத்துனருக்காக அன்று ஒரு நாள் யாரிடமாவது கார் இரவல் வாங்கியவர்களும் உண்டு. 2008-ல் அதை மூடினார்கள். 2010 முதல் அந்த இடம் செம்மொழிப் பூங்கா. தாசப்பிரகாஷும் இப்போது இல்லை. கூட்டிக்கொண்டு போகும் ஓட்டல் என்று இன்று ஒரே பதிலாக ஊர் முழுக்கச் சொல்லும் இடம் ஒன்றும் கிடையாது.

அனுப்பி வைக்கும் ஓட்டல் வேறு விஷயம். அங்கே பெருமைக்கு இடமில்லை, நடக்கிற தூரம்தான் கணக்கு. இந்த ஊரின் நடுப்பகுதிக்கு வந்தவர்களில் சுற்றுலாக்காரர்கள் என்றைக்குமே சிறு கூட்டம்தான். உயர் நீதிமன்றத்தில் வழக்குக்காக வந்தவர், கோட்டையில் ஃபைல் நகர்கிறதா என்று பார்க்க வந்தவர், ஜார்ஜ் டவுனில் மொத்தச் சரக்கு எடுக்க வந்த வியாபாரி, பெரியாஸ்பத்திரியில் உறவினரைச் சேர்த்திருப்பவர் என்று இவர்கள்தான் பெரும்பாலோர். தெற்கிலிருந்து வந்தவர் எழும்பூரில் இறங்குவார், கென்னத் லேனில் ரூம் போடுவார். வடக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்தவர் சென்ட்ரலில் இறங்குவார், தோல் வியாபாரியானால் பெரியமேட்டில் தங்குவார். வெளியூர் பஸ்கள் பாரிமுனையில் நின்றன. ரூம் எங்கே என்று தெரிந்தால் சாப்பாடு எங்கே என்பதில் பாதி முடிவாகிவிடும். மீதிப் பாதியை வயிறும் பர்ஸும் சொல்லும். திருவல்லிக்கேணியில் மேன்ஷன்வாசிகளை நம்பி நடந்த மெஸ்களில் டோக்கன் வாங்கி அளவுச் சாப்பாடு. காலையானால் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலை ரத்னா கபேயில் சாம்பார் இட்லி. 1948-லிருந்து இருக்கும் கடை. இட்லி முங்கும் அளவுக்குச் சாம்பார் ஊற்றுவார்கள், கேட்டால் இன்னும் ஊற்றுவார்கள். வழக்கு தோற்றவனுக்கும் அன்று காலை அது ஒன்று மிச்சம்.

இதில் ஒரு வேடிக்கை. கடலோர ஊர் என்று பெயர், காசிமேட்டில் விடியுமுன்னே ஏலம் நடக்கிறது, ஆனால் வந்தவருக்கு மீன் சாப்பிட இடம் சொன்னவர்கள் குறைவு. மீன் என்பது வீட்டுச் சமையல், குப்பத்துச் சமையல். உடுப்பிக்காரர் இட்லியை வைத்து நடுச்சென்னையைப் பிடித்தார், முஸ்லிம் ஓட்டல்கள் பிரியாணியை வைத்துப் பிடித்தன, மிலிட்டரி ஓட்டல்கள் ஆட்டுக்கறியை நம்பின. கிரிக்கெட் பார்க்கச் சேப்பாக்கம் போனவர்கள் அங்கே சந்துக்குள் இருக்கும் நாயர் மெஸ்ஸைக் கண்டுபிடித்தார்கள் என்பது தவிர, மீனுக்கென்று வெளியூர்க்காரரை அனுப்பும் வழக்கம் அப்போது வேரூன்றவில்லை. இன்று நிலைமை தலைகீழ். சென்னையில் இறங்கியதும் கேட்பதே வஞ்சிரம் வறுவல்தான். மெரினா மணலில் சுந்தரி அக்கா கடைக்கு வழி கேட்கிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது. யூடியூப் வீடியோக்கள் இந்த ஊர்ச் சாப்பாட்டுக்குச் செய்த நல்லது என்று ஏதாவது உண்டென்றால் இதுதான்.

நடுச்சென்னைக்கு வந்தவர்களைக் குறைத்தது சாப்பாடு அல்ல, பஸ் நிலையம். 2002-ல் வெளியூர் பஸ்கள் பாரிமுனையை விட்டுக் கோயம்பேட்டுக்குப் போயின. 2023 கடைசியில் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறந்தது. தென்மாவட்டத்துக்காரர் இப்போது வண்டலூருக்கு முன்பே இறங்கிவிடுகிறார். அங்கே இறங்கியவருக்கு மவுண்ட் ரோடு ஓட்டலைச் சொன்னால் சிரிப்பார். வேலையும் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலைக்கு நகர்ந்துவிட்டது. ஆகவே தங்குகிற இடத்துக்கும் ஊரின் நடுவுக்கும் சம்பந்தமில்லாமல் போய், ஓட்டல் சொல்கிறவர்களுக்கு ஒரு பொதுவான பதில் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது சரவண பவன். 1981-ல் கே.கே.நகரில் தொடங்கி எல்லாத் திசையிலும் கிளைகள் விரித்ததும், யார் வந்து எங்கே நின்று கேட்டாலும் சொல்ல ஒரு பெயர் கிடைத்தது. அம்மாவைக் கூட்டிவந்தவருக்கும் வெள்ளைக்காரருக்கும் அதே பதில், தப்பாகாது. பிறகு மற்ற சங்கிலிக் கடைகளும் அந்த வழியில் வந்தன. ஓட்டல் சொல்கிறவரின் மூளைக்கு முதலில் ஓய்வு கொடுத்தது கைபேசி இல்லை என்று நினைக்கிறேன். கிளைகள்தான். கைபேசி பின்னால் வந்து கையெழுத்துப் போட்டது.

இப்போது கூத்து என்னவென்றால், வெளியூர்க்காரர் கேட்பதே இல்லை. பட்டியலோடு வருகிறார். சௌகார்பேட்டை மின்ட் தெருவில் காக்கடா ராம்பிரசாத், தெருவோரத்தில் முறுக்கு சாண்ட்விச், நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் சீனா பாய் கடை நெய்ப்பொடி இட்லி, பர்மா பஜார் பக்கம் அத்தோ என்று அவர் படிக்கப் படிக்க, அடையாறிலும் அண்ணா நகரிலும் முப்பது ஆண்டு குடியிருக்கும் நாம் “அப்படியா, இன்னும் இருக்கா?” என்கிறோம். நாம் சொல்லும் பெயர்களோ நாமே போய்ப் பல வருஷமான இடங்கள். நமக்கு இரவுச் சாப்பாடு ஸ்விக்கியில் வாசலுக்கு வருகிறது. விருந்தாளிக்கு மட்டும் பழைய நினைவிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோம். இந்த விஷயத்தில் ஊர்க்காரரைவிட வந்தவர் நேர்மையானவர், அவராவது போய்ச் சாப்பிடுகிறார்.

அத்தோவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. 1960-களில் பர்மாவிலிருந்து திரும்ப நேர்ந்த தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் அமைந்தது பர்மா பஜார். அவர்கள் சாமான்களோடு நாக்கையும் கொண்டுவந்தார்கள். செகண்ட் லைன் பீச்சில் மாலையானால் தள்ளுவண்டிகள் வரும். மஞ்சள் நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய பேஜோ என்ற மொறுமொறுப்பான பொரித்த தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். தொட்டுக்கொள்ள வாழைத்தண்டு சூப். பல பத்தாண்டுகள் இது துறைமுகத் தொழிலாளிக்கும் பஜார்ப் பையன்களுக்கும் தெரிந்த சாப்பாடாகவே இருந்தது. லாட்ஜ் மேனேஜர் யாரும் விருந்தாளியை இதற்கு அனுப்பியிருக்க மாட்டார், தெருவண்டி என்று முகம் சுளித்திருப்பார். அந்த மேனேஜரின் கௌரவப் பார்வையையும் கைபேசி உடைத்தது. ஆளைக் கேட்காத எண் ஆளை மட்டம் தட்டவும் தட்டாது. கேட்கக் கூடாத அந்த முதல் கேள்வி ஒழிந்ததைப் போலவே இதையும் லாபக் கணக்கில்தான் எழுதுவேன்.

ஆனால் மிச்சக் கேள்விகள் நல்ல கேள்விகள். 4.3 என்பது யாரோ ஆயிரம் பேர் வயிற்றின் சராசரி. அதில் பாதிப் பேர் இருபத்தைந்து வயதுக்காரர்கள், ராத்திரி பதினொரு மணிக்குப் பிரியாணி சாப்பிட்டுச் செரித்தவர்கள். அல்சர் உள்ள அப்பாவோடு வந்திருப்பவருக்கு அந்த எண்ணால் பிரயோஜனமில்லை. வாசலில் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும் என்பதையும், நாலு படி ஏற வேண்டும் என்பதையும், ரயில் ஒன்பதரைக்கு என்பதையும் அது கணக்கில் எடுப்பதில்லை. ஒரே பெயரில் எட்டுக் கிளை இருந்தால், ருசியான கிளையும் சுமாரான கிளையும் பக்கத்துப் பக்கத்திலேயே அதே படத்தோடு நிற்கின்றன.

பழைய முறை இன்னும் அப்படியே நடக்கும் இடம் ஒன்று உண்டென்றால் அது சென்ட்ரலுக்கு எதிரே, பெரியாஸ்பத்திரி வளாகம்தான். அங்கே அம்மா உணவகம் எந்தப் பக்கம், சுடுதண்ணீர் எங்கே பிடிப்பது, நோயாளிக்குக் கஞ்சி யார் வைத்துக் கொடுப்பார்கள் என்பதையெல்லாம் பக்கத்துப் படுக்கைக்குத் துணை இருப்பவர்தான் சொல்கிறார். 2013-ல் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. சென்னையின் நடுவே வெளியூர்க்காரருக்கு மிக அதிகம் பயன்பட்ட பரிந்துரை எது என்று கேட்டால் நான் புகாரியையோ உட்லண்ட்ஸையோ சொல்ல மாட்டேன், அம்மா உணவகத்தைத்தான் சொல்வேன். ஆனால் சென்னையில் சாப்பிட வேண்டிய பத்து இடங்கள் என்று போடும் பட்டியல் எதிலும் இது வராது.

2019 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் மவுண்ட் ரோட்டுக்குக் கீழாக வண்ணாரப்பேட்டை வரை போகத் தொடங்கியதிலிருந்து ஒரு சௌகரியம் திரும்பியிருக்கிறது. விமான நிலையத்தில் ஏறியவர் அதே வண்டியில் எல்.ஐ.சி., அரசினர் தோட்டம், சென்ட்ரல், உயர் நீதிமன்றம், மண்ணடி என்று எங்கும் இறங்கலாம். ஓட்டலை நிலையத்தின் பெயரால் சொல்ல முடிகிறது. என்னைக் கேட்பவர்களுக்கு இப்போது அப்படித்தான் சொல்கிறேன். காலையில் வந்தால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து ரத்னா கபே, முதல் காபி அங்கேயே. மாலை வேளையென்றால் மண்ணடியில் இறங்கி அத்தோ. மழை பெய்தால் வண்டிகளை நம்ப வேண்டாம். சௌகார்பேட்டைச் சந்துகளில் நடக்க முடியாதவர்களைச் சாயங்காலம் அங்கே இழுத்துப் போகாதீர்கள், மூட்டை சுமப்பவர்கள் இடித்துக்கொண்டுதான் போவார்கள், அவர்கள் வேலை அது. மீன் வேண்டுமென்றால் மதியம் சேப்பாக்கம் நாயர் மெஸ், அதுவும் சீக்கிரமாக. தாமதித்தால் வஞ்சிரம் தீர்ந்து பொடிமீன்தான் இருக்கும், அதையும் வேண்டாமென்று சொல்லிவிடாதீர்கள்.