மறைத்து ஏந்தும் கைத்துப்பாக்கி: முதன்முறை வாங்குபவர் முன்னுள்ள தெரிவுகள்

2008ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியிலுள்ள இரவு விடுதி ஒன்றுக்கு அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பரெஸ் சென்றிருந்தார். அதே ஆண்டின் தொடக்கத்தில் நடந்த சூப்பர் பௌல் இறுதிப் போட்டியில் தமது அணிக்கு வெற்றி தேடித் தந்தவர் அவர். அன்றிரவு அவரது இடுப்பில், உறை ஏதுமின்றிக் காற்சட்டைக்குள் செருகப்பட்ட நிலையில் ஒரு கைத்துப்பாக்கி இருந்தது. அது நழுவிக் கால் வழியே இறங்க, அதைப் பிடிக்க முயன்றபோது விசை அழுத்தப்பட்டுக் குண்டு அவரது தொடையைத் துளைத்தது. புளோரிடா மாநிலம் அவருக்கு வழங்கியிருந்த உரிமம் சில மாதங்களுக்கு முன்னரே காலாவதியாகியிருந்தது. நியூயார்க்கில் அவருக்கு உரிமமே இருக்கவில்லை. 2009இல் அவருக்கு இரண்டாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. உறை இல்லாததால் காயம், உரிமம் இல்லாததால் சிறை என்று அச்சம்பவத்தைச் சுருக்கிவிடலாம்.

அப்போது நியூயார்க்கில் மறைவாகத் துப்பாக்கி ஏந்தும் உரிமம் பெறுவது சாதாரணக் குடிமகனுக்கு ஏறத்தாழ எட்டாக்கனி. விண்ணப்பிப்பவர் தமக்குத் தனிப்பட்ட, தக்க காரணம் உண்டென்று நிறுவ வேண்டியிருந்தது. அந்த நிபந்தனையை 2022 ஜூன் மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் செல்லாததாக்கியது. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, மேரிலாந்து, மாசசூசெட்ஸ், ஹவாய் ஆகிய மாநிலங்களின் ஒத்த சட்டங்களும் அதனுடன் ஆட்டம் கண்டன. இவற்றுள் நியூ ஜெர்சியும் கலிபோர்னியாவும் தமிழர்கள் கணிசமாக வாழும் மாநிலங்கள். மறுபுறத்தில், 2024ஆம் ஆண்டின் முடிவில் 29 மாநிலங்கள், தகுதியுள்ள வயது வந்தோர் உரிமம் இல்லாமலேயே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல அனுமதித்திருந்தன. டெக்சாஸும் ஜார்ஜியாவும் புளோரிடாவும் அவற்றில் அடங்கும்.

இதன் விளைவாக, துப்பாக்கியைக் கையால் தொட்டுப் பார்த்திராத பலரும் இன்று அதைக் கடையில் விலை கேட்கின்றனர். இரவில் கடையை மூடிவிட்டு வீடு திரும்பும் பெட்ரோல் நிலைய உரிமையாளர், தனியாக இரவுப் பணிக்குச் செல்லும் தாதி, முன்னாள் கணவரின் மிரட்டலுக்கு அஞ்சும் பெண் என்று அவர்களின் காரணங்கள் பலவகைப்பட்டவை. துப்பாக்கி என்றால் இராணுவச் சோதனைச் சாவடியை நினைவுகூரும் ஈழத் தமிழருக்கும், அதைக் காவலரின் இடுப்பில் மட்டுமே கண்டு வளர்ந்த தமிழகத்தவருக்கும் இந்தக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகள் சற்று விசித்திரமாகத் தோன்றலாம்.

எந்தத் துப்பாக்கி என்ற கேள்விக்கு முன்னர், வீட்டில் துப்பாக்கி வேண்டுமா என்ற கேள்வி இருக்கிறது. 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிபோர்னியாவில் இரண்டரைக் கோடிக்கும் அதிகமானோரைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் தற்கொலையால் இறக்கும் சாத்தியம் வைத்திராதவர்களைவிட மூன்று மடங்குக்கும் அதிகம் என்றும், பெண்களிடையே அது ஏழு மடங்குக்கும் அதிகம் என்றும் அது கண்டறிந்தது. வாங்கிய உடனடிக் காலத்தில்தான் ஆபத்து உச்சத்தில் இருந்தது. மனச்சோர்வுக்கு ஆளானவரோ, துருதுருப்பான குழந்தைகளோ உள்ள குடும்பத்தில், கதவுக்கு நல்ல பூட்டும் கடைக்கு நல்ல வெளிச்சமுமே மேலான பாதுகாப்பாக இருக்கக்கூடும். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை.

சிறியது எளியதல்ல

வாங்குவதென்று முடிவு செய்தவர் கடையில் முதலில் எதிர்கொள்வது அளவு பற்றிய அறிவுரை. குறிப்பாகப் பெண்களிடம், உள்ளங்கையில் அடங்கும் மிகச் சிறிய துப்பாக்கியையோ எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வரையோ எடுத்துக் காட்டுவது விற்பனையாளர்கள் பலரின் வழக்கம். இது பெரும்பாலும் தவறான அறிவுரை. ஒரே தோட்டாவைச் சுடும்போது, துப்பாக்கியின் எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கூடும். குழல் குட்டையாக இருந்தால் குறிபார்ப்பதும் கடினம். சுமார் 400 கிராம் எடையுள்ள ரிவால்வர் சட்டைப்பையில் இதமாக இருக்கும்; ஆனால் அதில் இருபது தோட்டாக்கள் சுட்ட பின்னர் கை வலிக்கும். கை வலித்தால் பயிற்சிக்குப் போக மனம் வராது. மேலும், அத்தகைய ரிவால்வரின் விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் அதிகமான விசைப்பளு தேவைப்படும். நவீன பிஸ்டல்கள் பலவற்றில் அதில் பாதியே போதும்.

எனினும் ரிவால்வருக்கென்று ஒரு நியாயம் இருக்கிறது. பிஸ்டலில் முதல் தோட்டாவை ஏற்றுவதற்கு மேல்பாகத்தைப் பலமாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். மூட்டுவாதம் உள்ள விரல்களுக்கு அது இயலாமல் போகலாம். ரிவால்வரில் அந்தச் சிரமம் இல்லை.

தோட்டாவின் அளவைப் பொறுத்தவரை, முன்பிருந்த நீண்ட சர்ச்சை பெருமளவு ஓய்ந்துவிட்டது. 1986இல் மியாமியில் இரண்டு கொள்ளையருடன் நடந்த மோதலில் இரு முகவர்களை இழந்த எஃப்.பி.ஐ., அதன் பின்னர் பெரிய தோட்டாக்களின் பக்கம் சென்றது. தோட்டாக்களின் வடிவமைப்பு மேம்பட்டதை அடுத்து, சுமார் கால் நூற்றாண்டுக்குப் பின்னர் அந்த அமைப்பே 9 மில்லிமீட்டருக்குத் திரும்பியது. 1902இல் ஜெர்மனியில் உருவான இந்தத் தோட்டா விலை குறைவானது, எங்கும் கிடைப்பது, உதைப்பும் தாங்கக்கூடியது. முதன்முறை வாங்குபவர் இதைத் தாண்டி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை.

வடிவங்களில், 1988இல் சந்தைக்கு வந்த ஆஸ்திரியத் தயாரிப்பான குளோக் 19 நடுத்தர அளவுக்கு எடுத்துக்காட்டாகக் கருதப்படுகிறது. தோட்டாக்கள் இல்லாத நிலையில் அதன் எடை சுமார் 600 கிராம், மேகசின் கொள்வது 15 தோட்டாக்கள். 2018இல் சிக் சாவர் நிறுவனம் வெளியிட்ட பி365, அரைக் கிலோ எடையில் பத்துத் தோட்டாக்களை அடக்கிச் சிறிய துப்பாக்கிகளின் இலக்கணத்தை மாற்றியது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் இறங்கின. ஆயினும் பட்டியலைப் பார்த்து வாங்குவதைவிட, சுடுதளங்களில் வாடகைக்குக் கிடைக்கும் மூன்று நான்கு துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்த்துத் தெரிவு செய்வதே பயிற்றுநர்கள் பலரும் கூறும் வழி. பிடி உள்ளங்கையை நிரப்ப வேண்டும். பிடியைத் தளர்த்தாமல் சுட்டுவிரலின் முதற்கணு விசையை எட்ட வேண்டும். சில மாதிரிகளில் பெருவிரலால் இயக்கும் பாதுகாப்புப் பொத்தான் உண்டு. குளோக் போன்றவற்றில் அது இல்லை, விசையை அழுத்தினால் சுடும். இந்த வேறுபாடுதான் உறையைப் பற்றிய கேள்விக்கு இட்டுச் செல்கிறது.

உறையே பாதுகாப்பு

துப்பாக்கிக்கு ஐந்நூறு டாலர் கொடுப்பவர், ஹோல்ஸ்டர் எனப்படும் உறைக்கு இருபது டாலருக்கு மேல் கொடுக்கத் தயங்குவதைக் காணலாம். இது தலைகீழான சிக்கனம். துப்பாக்கியை நாள் முழுவதும் சுமப்பதும், விசையில் எதுவும் படாமல் காப்பதும் உறைதான். நல்ல உறை விசையைச் சுற்றியுள்ள வளையத்தை முழுவதுமாக, கடினமான பொருளால் மூட வேண்டும். ஓடினாலும் விழுந்தாலும் துப்பாக்கி நழுவக் கூடாது. துப்பாக்கியை உருவிய பின்னரும் அதன் வாய் மடங்காமல் திறந்தே இருக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் துணி உறைகள் இந்த நிபந்தனைகளை நிறைவு செய்வது அரிது.

பொருளில் இரு முக்கிய வகைகள் உண்டு. கைடெக்ஸ் என்பது ஒருவகைப் பிளாஸ்டிக் தகடு. அதைச் சூடாக்கி ஒரு குறிப்பிட்ட துப்பாக்கியின் வடிவத்துக்கே அச்சுவார்ப்பதால், செருகும்போது 'டக்' என்று பூட்டிக்கொள்ளும்; வியர்வையும் அதை ஒன்றும் செய்யாது. தோல் உறை உடம்போடு பழகிவிடும், உறுத்தாது. ஆனால் பல ஆண்டுகள் பயன்பட்ட தோல் நொய்ந்து, அதன் விளிம்பு உள்மடிந்து விசையை அழுத்தித் துப்பாக்கி வெடித்த சம்பவங்கள் உண்டு. சட்டையின் நுனியும், மழைச்சட்டையின் இழுகயிறும்கூட அவ்வாறே சிக்கிக்கொள்ளலாம். தற்செயலான வெடிப்புகளுக்கு மிகவும் வாய்ப்பான கணங்களில் ஒன்று துப்பாக்கியை உறைக்குள் திருப்பி வைக்கும் கணம். வேகமாக உருவுவதைப் பழகுபவர்கள் மெதுவாகத் திருப்பி வைப்பதையும் பழக வேண்டும். பார்த்து வைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எங்கே அணிவது என்பது உடல்வாகையும் உடையையும் வேலையையும் பொறுத்தது. காற்சட்டைக்கு உள்ளே, வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னே அணிவது பழைய முறை. நிற்கையில் நன்றாக மறையும். குனிந்தால் பிடியின் உருவம் சட்டையில் புடைத்துத் தெரியும். காரில் இருக்கைப் பட்டியின் கீழ் அதை எட்டுவதும் கடினம். வயிற்றின் முன்புறம் அணிவது நன்றாக மறைவதோடு கைக்கும் எட்டும், ஆனால் குழல் முனை தொடையின் பெருந்தமனியை நோக்கியே நாள் முழுவதும் இருக்கும். நடுமுதுகில் அணிந்தால் வழுக்கி விழும்போது முதுகெலும்பு அடிபடும். எந்த இடமாயினும் சாதாரணக் கடையில் வாங்கிய மெல்லிய இடைவார் அந்த எடைக்குத் தொய்ந்துவிடும். விறைப்பான இடைவாரும் ஓரளவு பெரிய காற்சட்டையும் வேண்டும். வாங்கி, ஒரு வாரம் அணிந்து, கைவிட்ட உறைகள் ஒரு பெட்டி நிறைய இல்லாத துப்பாக்கிக்காரர் குறைவு.

சேலையோ சுடிதாரோ அணிபவருக்கு இடைவார் என்பதே இல்லை. அவர்களுக்காக வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டிகள் விற்கப்படுகின்றன. அவற்றிலும் விசையை மூடும் கடினமான ஓடு இருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். பலரும் எளிய வழியாகக் கைப்பையைத் தெரிவு செய்கின்றனர். 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தின் ஒரு பெரிய அங்காடியில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் கைவிட்டு எடுத்த துப்பாக்கி வெடித்து அந்தத் தாய் அங்கேயே உயிரிழந்தார். அந்தப் பை, துப்பாக்கி வைப்பதற்கென்றே தனி அறையுடன் தயாரிக்கப்பட்டது. உடம்பை விட்டு நீங்கக்கூடிய எதிலும் துப்பாக்கி வைப்பதைப் பயிற்றுநர்கள் பலர் ஏற்காததற்கு இத்தகைய சம்பவங்களே காரணம்.

எல்லைகள்

உரிமம் தேவைப்படாத மாநிலத்தில் வாழ்பவரும் உரிமம் பெறுவது நல்லது. பள்ளி வளாகத்திலிருந்து ஆயிரம் அடி தூரத்துக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. பள்ளி அமைந்துள்ள மாநிலம் வழங்கிய உரிமம் பெற்றவருக்கு அதில் விலக்கு உண்டு. அடுத்த மாநிலத்தில் அந்த உரிமம் செல்லுமா என்பது வேறு விடயம். 2013இல் பென்சில்வேனியா உரிமத்துடன் பாலம் கடந்து நியூ ஜெர்சிக்குச் சென்ற இளம் தாய் ஒருவர், தம்மிடம் துப்பாக்கி இருப்பதைத் தாமாகவே காவலரிடம் கூறிக் கைதானார். பல ஆண்டுச் சிறை என்ற நிலையில், 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2023இல் விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. அவற்றில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை தோட்டா நிரப்பப்பட்டிருந்தன. பையில் இருந்ததை மறந்துவிட்டதாகவே பலரும் கூறினர்.

காவலர் வாகனத்தை நிறுத்தினால், மிச்சிகன் போன்ற சில மாநிலங்களில் துப்பாக்கி இருப்பதை உடனே தெரிவிப்பது சட்டக் கடமை. சொல்வதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2016 ஜூலையில் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டில் என்ற கறுப்பின இளைஞர், உரிமம் பெற்ற தமது துப்பாக்கியைப் பற்றிக் காவலரிடம் பணிவாகத் தெரிவித்த சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். மறு ஆண்டு அந்தக் காவலரை நீதிமன்றம் விடுவித்தது. கைகளை ஓட்டுவளையத்தின் மீதே வைத்திருப்பது, காவலர் சொல்லாமல் எதையும் எடுக்க முனையாமலிருப்பது ஆகியவை உரிம வகுப்புகளில் கற்பிக்கப்படுகின்றன. பழுப்பு நிறத்தவருக்கு இந்தப் பாடம் சற்றுக் கூடுதலாகவே பொருந்தும்.

அமெரிக்காவில் பணியாற்றும் தமிழர்களில் பலர் அறியாத ஒரு விதியும் உண்டு. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் பெற்றிருப்பது போன்ற சில விலக்குகள் மட்டுமே உள்ளன. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இத்தடை இல்லை. வார இறுதியில் நண்பர்களுடன் சுடுதளம் சென்று வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும். புளோரிடாவில் படிக்க வந்த ஐக்கிய அரபு அமீரக மாணவர் ஒருவர், மதிப்பெண் குறைவால் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்ட பின்னர் சுடுதளம் ஒன்றில் சுட்டதற்காகவே குற்றவாளியாக்கப்பட்டார். தமது குடியேற்ற நிலை சட்டவிரோதமானது என்பதை அவர் அறிந்திருந்தார் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் எனக் கூறி, 2019இல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைக் கீழ்நீதிமன்றத்துக்குத் திருப்பி அனுப்பியது. துப்பாக்கிக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்படும் வெளிநாட்டவர், கிரீன் கார்டு வைத்திருந்தாலும் நாடு கடத்தப்படலாம்.

டொராண்டோவிலுள்ள உறவினரைப் பார்க்க வார இறுதியில் காரில் புறப்படும் நியூயார்க் தமிழர்களுக்கு நயாகரா அருகே இன்னோர் எல்லை காத்திருக்கிறது. 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கிகளின் விற்பனையையும் கைமாற்றத்தையும் முடக்கிய கனடாவில், அமெரிக்க மாநிலங்களின் உரிமம் எதுவும் செல்லாது. இருக்கைக்கு அடியில் மறந்துபோன துப்பாக்கி அங்கே சுங்க அதிகாரியின் கையில் அகப்பட்டால், துப்பாக்கி பறிமுதலாவதுடன் காரோட்டி கைதாகவும் நேரிடும்.