பகா: ஓர் எதிர்மறையின் கணக்கு

'பகா எண்' என்பதிலுள்ள 'பகா', ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். தமிழ் இலக்கணம் படித்த என்னை இந்தக் கணக்குக்குள் இழுத்தது அதுதான். 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணி இல்லாத எண். இல்லாமையால் பெயர்பெற்ற ஒன்று. 'இல்லை' என்பதை எப்படி நிறுவுவது?

எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கலாம். 2-இன் 127ஆம் அடுக்கில் 1 குறைந்த எண்ணுக்கு 39 இலக்கம். அதன் வர்க்கமூலம்வரை ஒவ்வோர் எண்ணாக, நொடிக்கு நூறு கோடி முறை வகுத்தாலும் 400 வருஷத்துக்குமேல் ஆகும். அது பகா எண்தான் என்று பிரெஞ்சுக் கணிதர் எடுவார் லூக்கா 1876இல், இயந்திரமில்லாமலே நிறுவினார். அவர் வகுத்துக்கொண்டிருக்கவில்லை, பகா எண்ணிடம் மட்டுமே வெளிப்படும் ஒரு பண்பைத் தேடினார். எதிர்மறையால் வரையறுத்ததற்கு உடன்பாட்டில் ஓர் அடையாளம் உண்டு என்பதே இங்கு முக்கியம்.

எளிய உதாரணம்: பிங்கலரின் சந்த நூலுக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் விளக்கும் மேரு அடுக்கு. ஓரங்களில் 1, உள்ளே, மேலுள்ள இரண்டின் கூட்டுத்தொகை. 5-இன் வரிசை 1, 5, 10, 10, 5, 1. ஓரத்து ஒன்றுகளை விட்டால் மீதி எல்லாம் 5-ஆல் வகுபடும். 6-இன் வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15-உம் 20-உம் 6-ஆல் வகுபடாது. பகா எண்ணின் வரிசை மட்டுமே முழுசாகத் தேறும்.

சிக்கல், எண் எவ்வளவு பெரிசோ வரிசையும் அவ்வளவு நீளம். குறுக்குவழிகளோ ஏமாறும். பதினேழாம் நூற்றாண்டில் ஃபெர்மா கண்ட சோதனையில், எந்த எண்ணை வைத்துப் பார்த்தாலும் 561 தேறிவிடும். ஆனால் அது 3 × 11 × 17, வேஷக்கார எண்.

2002 ஆகஸ்டில் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோரும் அந்த நீண்ட வரிசையை மடித்துச் சிறிதாக்கினார்கள். மடிப்பளவைச் சரியாகத் தேர்ந்தால், சில துணைச் சோதனைகளோடு, எந்த வேஷமும் தப்பாது என்று ஒன்பதே பக்கத்தில் நிறுவினார்கள். இதில் 'பெரும்பாலும்' என்ற பேச்சே இல்லை. இலக்கம் கூடினாலும் வேலை கட்டுக்கடங்கித்தான் கூடும்.

"இதெல்லாம் நமக்கெதுக்குங்க?" என்று தர்மபுரி நண்பர் ஒருவர் கேட்டார். இந்தச் சோதனை ஓர் எண் பகுபடும் என்று சொல்லும். எங்கே பகுபடும் என்று பொதுவாகச் சொல்லாது. 2-இன் 67ஆம் அடுக்கில் 1 குறைந்த எண் பகுபடும் என்பதும் 1876இலேயே லூக்காவுக்குத் தெரியும். காரணிகளை அமெரிக்கரான கோல் காட்டியது 1903இல். இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ முறையின் பூட்டு தொங்குவது இந்த இடைவெளியில்தான்: இரண்டு பெரிய பகா எண்களின் பெருக்கல் வெளியே தெரியும், அதைப் பிரிக்க இன்றைய கணிப்பொறிகளுக்கு எளிய வழி கண்டறியப்படவில்லை.

பிரதியோ சமூக அமைப்போ, முரண்களால் ஆனது என்று அறிவித்ததுமே கட்டுடைத்துவிட்டதாக நாம் பேசிக்கொள்கிறோம். உடைபடும் என்று அறிவது வேறு, உடையும் இடத்தைக் காட்டுவது வேறு. அந்த இரண்டாவது வேலை நம்மிடம் பாக்கி இருக்கிறது.