ஹனிஃபாருவின் கொம்புத் திருக்கைகள்

திருக்கை என்றதும் கடற்கரையார் முதலில் எண்ணுவது அதன் வால் முள்ளையே. கொம்புத் திருக்கைக்கோ கொட்டும் முள் இல்லை. கொம்புகள் எனத் தோன்றுவனவும் கொம்புகள் அல்ல. இரையை வாய்க்குள் திருப்பும் இரு துடுப்புகள். உண்ணாத வேளையில் அவற்றைச் சுருட்டி வைத்துக்கொள்ளும். மேலைநாட்டு மாலுமிகள் அந்தத் தோற்றத்தைக் கண்டஞ்சி இதனைச் சாத்தான் மீன் என்றனர். ஸ்பானியர் வைத்த 'மாண்டா' என்னும் பெயர் போர்வையைக் குறிக்கும். விரித்த போர்வை நீரில் மிதந்து செல்வது போன்ற தோற்றத்துக்கு இப்பெயரே பொருத்தம் எனலாம்.

இம்மீன்கள் பெருந்திரளாகக் கூடும் இடங்களுள் தலையாயது மாலத்தீவில் பா பவழத்தீவுக் கூட்டத்திலுள்ள ஹனிஃபாரு விரிகுடா. மாலத்தீவு நமக்குப் புதியதன்று. இராசராசன் மெய்க்கீர்த்தி சுட்டும் பழந்தீவு இதுவே என்பது வரலாற்றாசிரியர் பலர் கருத்து. 1343-இல் அங்குச் சென்ற இப்னு பதூதா காஜியாகப் பணியாற்றி, பின்னர் இலங்கை வழியே நம் மஅபர் கரைக்கு வந்தார். நம் சமையலறை மாசியும் அத்தீவுகளின் கொடையே.

ஹனிஃபாரு ஒரு கால்பந்துத் திடலின் பரப்பே உடையது என்பர். சூன் முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், நீரோட்டம் நுண்ணுயிர் மிதவைகளைத் திரட்டி வருகிறது. கடலேற்றத்தின்போது பவழப் பாறை வளைவுக்குள் புகும் அவை வெளியேற வழியின்றித் தேங்கிவிடுகின்றன. அவ்விருந்துக்குச் சில நாள்களில் நூற்றுக்கு மேற்பட்ட திருக்கைகள் வருவதுண்டு. அவை வாயை அகலத் திறந்து, ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி கோத்தாற்போல் நீந்தும். மிகுதியாகக் கூடிவிட்டாலோ, முன்செல்வது பின்வருவதன் வாலைத் தொடர, எல்லாம் சேர்ந்து ஒரு பெருஞ்சுழலாகிவிடும். நீரைச் செவுளில் வடித்து இரையை மட்டும் விழுங்கும் இவை இரையைக் கடித்து உண்பதில்லை.

அந்தச் செவுளே இவற்றுக்குப் பகையாயிற்று. செவுள் தகடுகளை உலர்த்தி மருந்தென விற்கும் வணிகம் கீழை நாடுகளில் பெருகியதால் பல கடல்களில் கொம்புத் திருக்கை குறைந்தது. சூரையைப் போல் இது இலட்சக்கணக்கில் முட்டையிடுவதன்று. ஏறத்தாழ ஓராண்டு சூல் சுமந்து ஒரே குட்டியை ஈனும். அடுத்த ஈற்றுக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். ஆதலின் வலையில் இழந்ததைக் கடல் விரைவில் ஈடுசெய்ய இயலாது. 2013-இல் மாண்டா இனங்கள் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றன. 2014-இல் மாலத்தீவு தன் கடலிலுள்ள திருக்கை இனங்கள் அனைத்தையும் பாதுகாப்புக்குள் கொணர்ந்தது. கடலுணவு ஆகுமானது என்பதை நாம் அறிவோம். மீனையே நம்பி வாழும் ஒரு முஸ்லிம் நாடு, ஆகுமானவற்றுள் ஒன்றைத் தானே விலக்கிக்கொண்டதில் அமானிதம் என்னும் சொல்லின் பொருள் விளங்குகிறது.

ஹனிஃபாரு 2009-இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாயிற்று. 2011-இல் பா தீவுக்கூட்டம் முழுவதையும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. கொலைக்கு அஞ்சவேண்டாத இடத்திலும் கூட்டத்துக்கு அஞ்சவேண்டியிருந்தது. படகுகள் நெருங்கின, காற்றுக்கலன் சுமந்து மூழ்குவோர் விட்ட குமிழிகள் இரையுண்ணும் மீன்களைக் கலைத்தன. எனவே 2012 முதல் மூழ்குதல் தடுக்கப்பட்டு, முகக்கண்ணாடியும் வாயிற் கவ்வும் மூச்சுக்குழாயும் கொண்டு நீர்மேல் மிதந்து காண்பது மட்டும் அனுமதிக்கப்பட்டது. ஒரு வேளையில் 80 பேர். ஒருவருக்கு 45 நிமிடம். உடன் பயிற்சி பெற்ற வழிகாட்டி. தொடலாகாது, தொட்டால் உடலைக் காக்கும் வழுவழுப்புப் படலம் அழியும். மூன்று மீட்டருக்குள் நெருங்கவும், எதிரே சென்று வழிமறிக்கவும் கூடாது. பணம் கொடுத்து வந்தவருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் அசையாது மிதப்பவரை நோக்கி மீன் தானே வருவதுண்டு. துரத்துபவருக்கு அதன் வால்தான் தென்படும்.

படம் எடுக்கத் தடையில்லை. மின்னொளி மட்டும் ஆகாது. வயிற்றுப்புறக் கரும்புள்ளிகள் நம் கைரேகை போல ஒவ்வொரு மீனுக்கும் வேறுபடுவன. பயணிகள் எடுத்த படங்களையும் கொண்டு, மாலத்தீவுக் கடலில் 4,000-க்கும் மேற்பட்ட திருக்கைகளை ஆய்வாளர் தனித்தனியே அடையாளம் கண்டுள்ளனர். எது சூலுற்றது, எதன் சிறகில் தூண்டில் வடு உள்ளது, எது எத்தனை ஆண்டுகளாக வரவில்லை என்பதெல்லாம் அப்பதிவேட்டில் உள்ளன.