திரையில் தெரிவதும் தாளில் பதிவதும்

நுழையும்முன்

திருமண அழைப்பிதழ் முதல் ஆய்வேடு வரை இன்று அச்சேறும் பெரும்பாலான பக்கங்கள் பி.டி.எஃப். கோப்பாகவே அச்சகத்தைச் சென்றடைகின்றன. திரையில் குறையின்றித் தெரிந்த பக்கம் தாளில் வேறாகப் பதிவதும் உண்டு. அவ்வேறுபாடு எங்கே பிறக்கிறது, அதனை எவ்வாறு கண்டறிந்து களைவது என்பதை விளக்குகிறது இப்பாடம்.

பிழையின் தோற்றம்

பள்ளி ஆண்டுமலர் ஒன்றின் அட்டையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நீலநிறப் பின்னணியின்மேல் வட்ட வடிவிலான பள்ளிச் சின்னம் அமைந்துள்ளது. தலைப்பெழுத்துகளின் கீழே மெல்லிய நிழல் படர்ந்துள்ளது. திரையில் இவை அழகுறத் தோன்றுகின்றன. அச்சிலோ சின்னத்தைச் சுற்றி வெள்ளைச் சதுரம் ஒன்று காணப்படுகிறது. நிழல் சாம்பல்நிறப் பட்டையாக மாறிவிடுகிறது. ஆயிரம் படிகள் அச்சான பின்னர் இது கண்ணில் பட்டால் தாளும் மையும் உழைப்பும் வீணாகின்றன. கோப்பில்தான் பிழை என்கிறார் அச்சகத்தார்; அச்சுப்பொறியில்தான் பிழை என்கிறார் வடிவமைத்தவர். பெரும்பாலும் பிழை இருப்பது இவ்விரண்டிற்கும் இடையே நிகழும் ஒரு கணக்கீட்டில் ஆகும்.

ஒளிபுகுதன்மை என்னும் கணக்கு

மெழுகுத்தாளை ஓர் ஓவியத்தின்மேல் வைத்தால், அடியிலுள்ள கோடுகள் மங்கலாகத் தெரியும். அங்கே ஒளி உண்மையாகவே தாளை ஊடுருவுகிறது. கணினியில் அவ்வாறு எதுவும் ஊடுருவுவதில்லை. ஒவ்வொரு படப்புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று மதிப்புகளோடு, அப்புள்ளி அடியிலுள்ளதை எந்த அளவு மறைக்கிறது என்னும் நான்காவது மதிப்பும் தரப்படுகிறது. அதனை ‘ஆல்பா’ என்பர். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க் தொழில்நுட்ப நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகிய இருவரும் இக்கருத்தை உருவாக்கினர். படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் கணித விதிகளைத் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் 1984ஆம் ஆண்டில் முறைப்படுத்தி வெளியிட்டனர்.

மேலுள்ள புள்ளியின் மதிப்பு 200, அடியிலுள்ள புள்ளியின் மதிப்பு 100, மேற்புள்ளியின் மறைக்கும் திறன் 40 விழுக்காடு எனக் கொள்க. 200இல் 40 விழுக்காடு 80. 100இல் எஞ்சிய 60 விழுக்காடு 60. இரண்டும் சேர்ந்த 140 என்பதே கண்ணுக்குத் தெரியும் நிறம். ஆகவே, ஒளிபுகுதன்மை என்பது படத்தில் உறைந்திருக்கும் நிறமன்று. யாரேனும் செய்து முடிக்கவேண்டிய கணக்கு. அக்கணக்கை எந்தக் கருவி, எந்தக் கட்டத்தில், எந்த நிறமுறையில் செய்கிறது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

காலம் தந்த இடைவெளி

அடோபி நிறுவனம் 1984ஆம் ஆண்டில் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரிப்பு மொழியை வெளியிட்டது. சுவரில் வண்ணம் பூசுவதைப் போன்றது அதன் முறை. பின்னர்ப் பூசிய வண்ணம் முன்னர்ப் பூசியதை முழுமையாக மறைத்துவிடும். பாதி மறைத்தும் பாதி காட்டியும் நிற்கும் வண்ணத்திற்கு அம்மொழியில் இடமில்லை. 1993ஆம் ஆண்டில் வெளிவந்த பி.டி.எஃப். வடிவமும் தொடக்கத்தில் இதே முறையையே பின்பற்றியது. 2001ஆம் ஆண்டின் 1.4ஆம் பதிப்பில்தான் ஒளிபுகுதன்மை அதில் இடம்பெற்றது.

ஆகவே, ஒளிபுகும் படங்களைக் கொண்ட கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் மட்டுமே அறிந்த அச்சுப்பொறிக்கு அனுப்பும்போது, இடையிலுள்ள மென்பொருள் அக்கணக்கை முன்னரே செய்து முடிக்கவேண்டியுள்ளது. ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் அடுக்குகளைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, அவை சேரும் இடங்களில் கிடைக்கும் நிறத்தைக் கணக்கிட்டு, ஒளிபுகாத ஒரே தளமாக மாற்றுவதே அப்பணி. இது ‘தட்டையாக்கல்’ எனப்படுகிறது.

ஐவகைக் குறைகள்

முதலாவது, சின்னத்தைச் சுற்றித் தோன்றும் வெள்ளை அல்லது கறுப்புப் பெட்டி. ஜேபெக் வடிவம் ஒளிபுகுதன்மையைச் சேமிக்க இயலாதது. அவ்வடிவில் சேமித்த சின்னம் தன் பின்னணியையும் உடன் கொண்டுவரும். ஜிஃப் வடிவத்தில் ஒரு புள்ளி முழுமையாகத் தெரியும், இல்லையேல் முழுமையாக மறையும், இடைநிலை இல்லை. எனவே விளிம்புகள் படிக்கட்டுகள் போலாகின்றன. பி.என்.ஜி. வடிவம் பல இடைநிலைகளையும் காக்கவல்லது. பி.டி.எஃப். கோப்பினுள்ளோ படம் தனியாகவும், எப்பகுதி தெரியவேண்டும் என்பதைக் குறிக்கும் மறைபடலம் தனியாகவும் வைக்கப்படுகின்றன. அச்சிடும் மென்பொருள் அப்படலத்தைக் கருத்திற்கொள்ளாவிடில், மறைந்திருந்த புள்ளிகளின் நிறம் பெட்டியாக வெளிப்படுகிறது.

இரண்டாவது, படத்தின் குறுக்கே காணப்படும் மயிரிழை போன்ற வெள்ளைக்கோடுகள். தட்டையாக்கலில் வெட்டப்பட்ட துண்டுகளின் ஓரங்களைத் திரை மென்மையாக்கிக் காட்டும்போது இவை தோன்றுகின்றன. பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் உண்மை விளங்கும். எவ்வளவு பெரிதாக்கினும் கோடு அதே மென்மையில் இருந்தால், அது பெரும்பாலும் திரையின் மாயத்தோற்றமே, அச்சில் வராது. பெரிதாக்குந்தோறும் கோடும் அகலுமாயின், அது மெய்யான இடைவெளியாகும்.

மூன்றாவது, நிழலைச் சுற்றி நிறம் மாறித் தெரியும் கட்டம். திரை சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய ஒளிகளால் நிறங்களை உருவாக்குகிறது. அச்சகம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளால் உருவாக்குகிறது. நிழல் விழும் பகுதி ஒரு நிறமுறையிலும் எஞ்சிய பகுதி மற்றொன்றிலும் கணக்கிடப்பட்டால், ஒரே நீலம் இரு நீலங்களாகப் பிரிந்துவிடும். பொன்னிறம் போன்ற தனி மையின்மேல் நிழல் விழும்போதும் இக்குறை மிகுதியாக நேர்கிறது.

நான்காவது, தடித்துப்போகும் எழுத்துகள். நிழலோ ஒளிபுகும் படமோ எழுத்தின்மேல் படிந்தால், தட்டையாக்கலின்போது அவ்வெழுத்து வெறும் கோட்டுருவமாகவோ புள்ளிகளாகவோ மாற்றப்படலாம். ஒரே வரியில் பாதி எழுத்துகள் மெலிந்தும் பாதி தடித்தும் நிற்பதற்கு இதுவே காரணம். சுழியும் வளைவும் மிகுந்த தமிழெழுத்துகள் சிறிய அளவில் அச்சாகும்போது, சுழிகளின் உள்வெளி அடைபட வாய்ப்புண்டு. அவ்வாறு மாறிய சொற்களைக் கோப்பில் தேடிக் கண்டறியவும் இயலாது.

ஐந்தாவது, காணாமற்போகும் வெள்ளை எழுத்துகள். வழக்கமாக மேலுள்ள எழுத்து, தன் அடியிலுள்ள நிறத்தை விலக்கிவிட்டே பதியும். விலக்காமல் அதன்மேலேயே பதிப்பதை அச்சகத்தார் ‘ஓவர்பிரிண்ட்’ என்பர். கறுப்பு எழுத்துக்கு இம்முறை ஏற்றது. வெள்ளை என்பதோ மையன்று, தாளின் நிறம். வெள்ளை எழுத்துக்கு இவ்வமைப்பு தவறுதலாக இடப்பட்டிருந்தால், அங்கு எந்த மையும் பதியாது. அடியிலுள்ள நிறமும் விலகாது. எழுத்து முற்றிலும் மறைந்துவிடும்.

காரணம் காணும் முறை

குறையைக் கண்டவுடன் எல்லா அமைப்புகளையும் ஒருசேர மாற்றுதல் கூடாது. எந்த மாற்றத்தால் குறை நீங்கியது என்பது அப்போது விளங்காது. ஒவ்வொரு கட்டமாகச் சோதித்து, ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றுதல் வேண்டும்.

பி.டி.எஃப். கோப்பை முதலில் வேறொரு மென்பொருளிலும் திறந்து பார்த்தல் நன்று. இரண்டிலும் பெட்டி தெரிந்தால், பிழை கோப்பிலேயே உள்ளது. மூலப்படத்தின் வடிவத்தையும் ஏற்றுமதி அமைப்புகளையும் சரிபார்க்கவேண்டும். ஒன்றில் சரியாகவும் மற்றொன்றில் தவறாகவும் தெரிந்தால், மறைபடலத்தை ஒரு மென்பொருள் சரிவரக் கையாளவில்லை என ஊகிக்கலாம். திரைகளில் சரியாக இருந்து தாளில் மட்டும் பிழை நேர்ந்தால், அச்சுப்பொறிக்குச் செல்லும் வழியை ஆராயவேண்டும். அக்ரோபாட் போன்ற மென்பொருள்களில் பக்கத்தைப் படமாக மாற்றி அச்சிடும் வசதி உள்ளது. அவ்வாறு அச்சிடும்போது குறை நீங்குமாயின், கோப்பில் பெரும்பாலும் பழுதில்லை; அச்சுப்பொறிவழிக் கணக்கீடே தடுமாறுகிறது எனத் தெளியலாம். ஆயினும் இவ்வசதி அவசரத்திற்கு உரியது. எழுத்துகளும் புள்ளிகளாகிவிடுவதால் அவற்றின் கூர்மை குறையும்.

வருமுன் காத்தல்

சின்னங்களைக் கோட்டுருவ வடிவிலோ பி.என்.ஜி. வடிவிலோ பெறுதல் நன்று. எழுத்துகளைப் படங்களுக்கு மேலுள்ள அடுக்கில் வைத்தால் அவை தடிப்பதைத் தவிர்க்கலாம். அச்சகத்திற்கான கோப்பில் ஒளிபுகுதன்மைக் கணக்கீடு நான்கு மை முறையில் நிகழுமாறு அமைக்கவேண்டும். ஓவர்பிரிண்ட் முன்னோட்டத்தை இயக்கிப் பக்கங்களைப் பார்த்தால், மறையக்கூடிய வெள்ளை எழுத்துகள் முன்னரே புலப்படும்.

தட்டையாக்கலை யார் செய்வது என்பதையும் அச்சகத்தாரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும். அச்சுத்துறைக்கான பி.டி.எஃப்./எக்ஸ்-1ஏ தரம் ஒளிபுகுதன்மையை ஏற்பதில்லை. கோப்பு தட்டையாக்கப்பட்டே செல்லவேண்டும். பின்னர் வந்த பி.டி.எஃப்./எக்ஸ்-4 தரமோ அதனை அப்படியே ஏற்கிறது. புதிய அச்சகக் கருவிகள், தம் மையையும் நுண்மையையும் அறிந்து இறுதிக் கட்டத்தில் கணக்கிடுவதால், இரண்டாவது வழியில் பிழைகள் குறைகின்றன. பழைய கருவி உடைய அச்சகத்திற்கு முதல் வழியே பொருந்தும். முழு எண்ணிக்கையும் அச்சேறும் முன்னர், அதே கருவியில் ஒரு பக்கத்தையேனும் மாதிரியாக அச்சிட்டுப் பார்ப்பது எல்லாச் சோதனைகளிலும் உறுதியானது.

தெரிந்து தெளிவோம்

ஆவணங்களை நெடுங்காலம் பாதுகாப்பதற்கென 2005ஆம் ஆண்டில் வெளியான பி.டி.எஃப்./ஏ-1 தரமும் ஒளிபுகுதன்மையைத் தடை செய்தது. 2011ஆம் ஆண்டில் வெளியான பி.டி.எஃப்./ஏ-2 தரம் அதற்கு இடமளித்தது.

எங்கு திறந்தாலும் ஒரே தோற்றம் தரவேண்டும் என்பதே பி.டி.எஃப். வடிவத்தின் நோக்கம். ஒளிபுகும் படங்களைப் பொறுத்தவரை அந்நோக்கம் தானே நிறைவேறுவதில்லை. கணக்கிடும் பொறுப்பு எவரிடம் உள்ளது என்பதை வடிவமைப்பவரும் அச்சிடுபவரும் முன்னரே பேசித் தெளிந்தால், பழிசொல்லும் நிலை நேராது. திரையில் கண்டதே தாளிலும் பதியும்.

கற்பவை கற்றபின்

1. ஒரே சின்னத்தை ஜேபெக், பி.என்.ஜி. ஆகிய இரு வடிவங்களில் வண்ணப் பின்னணியின்மேல் வைத்துப் பி.டி.எஃப். கோப்பாக்கி, அச்சிட்டு, வேறுபாடுகளை எழுதுக.

2. மேற்புள்ளியின் மதிப்பு 240, அடிப்புள்ளியின் மதிப்பு 80, மறைக்கும் திறன் 25 விழுக்காடு எனில், தெரியும் நிறத்தின் மதிப்பைக் கணக்கிடுக.

3. அருகிலுள்ள அச்சகத்திற்குச் சென்று, அங்குப் பணிபுரிவோர் வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றின் பொருளை எழுதி வகுப்பறையில் கலந்துரையாடுக.