கினிப்பன்றிக்கு உகந்த கூடு

கமக்காரர் இல்லங்களிற் பிள்ளைகளின் விருப்பத்தின் பொருட்டு வளர்க்கப்படும் சிறு பிராணிகளுள் கினிப்பன்றியும் ஒன்றாகும். இதனை வளர்க்க விரும்புவோர் பெரும்பாலும் பிராணியை முதலில் வாங்கிவந்து, கூட்டைப் பற்றிப் பின்னரே எண்ணுகின்றனர். வெறுமையாய்க் கிடக்கும் கோழிக்கூடே போதுமெனக் கருதுவோரும் உளர். அதனால் விளைவது யாதென்பதை நான் நேரிற் கண்டுள்ளேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பங்குனி மாதத்தில், வெங்காயச் செய்கையாளர் ஒருவரின் தோட்டத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். அவரது பத்து வயது மகன், தகரக் கூரையிட்ட பழைய கோழிக்கூட்டில் வைத்திருந்த இரு கினிப்பன்றிகளைக் காட்டி, "ஐயா, இந்தக் கூடு காணுமோ?" என வினவினான். பயிரில் தோன்றிய நோயிலேயே என் கவனம் நின்றமையால், "காணும், தம்பி" எனக் கூறி அகன்றேன். இரு வாரங்களின் பின் சென்றபோது கூடு வெறுமையாயிருந்தது. நண்பகல் வெப்பத்தில் இரண்டும் ஒரே நாளில் இறந்தன எனத் தந்தையார் கூறினார். சிறுவன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்று அவனுக்குக் கூறியிருக்க வேண்டியவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

பிராணியின் இயல்பு

பெயரிற் பன்றி எனினும், இஃது எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்கினத்தைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டு மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இதனை உணவுக்காக வளர்த்துப் பழக்கினர். குளிர்ந்த மலைநாட்டுப் பிராணியாதலின் கடும் வெப்பத்தை இதனாற் பொறுக்க இயலாது. 18 முதல் 24 பாகை செல்சியசு வரையுள்ள வெப்பநிலை இதற்கு உகந்தது. 30 பாகையை அணுகும்போது உயிருக்கே ஆபத்து நேரலாம். எமது தாழ்நிலப் பகுதிகளில் நண்பகல் வெப்பம் இவ்வளவைப் பல மாதங்களிற் கடந்துவிடுவதால், கூட்டைப் பற்றிய முதற் கவனம் நிழலேயாகும்.

இடமும் கூரையும்

நாள் முழுவதும் நிழல் தரும் வேம்பு அல்லது மாமரத்தின் கீழ், அல்லது காற்றோட்டமுள்ள விறாந்தையில் கூட்டை அமைத்தல் வேண்டும். கூரைக்குக் கிடுகு சிறந்தது. தகரமே கிடைப்பின், அதன்மேல் கிடுகைத் தடிப்பாகப் பரப்புக. முன்பக்கத்திலும் ஓரங்களின் மேற்பாதியிலும் கம்பிவலை அடித்து, மற்றைய பாகங்களைப் பலகையால் அடைத்தல் நன்று. வாடைக்காற்று மழையைக் கொண்டுவரும் காலத்தில் சாக்குத் திரையைத் தொங்கவிடலாம். நுவரெலியா போன்ற குளிர் பிரதேசங்களில் இரவில் கூட்டை வீட்டினுள் வைத்தலே தகும். கண்ணாடித் தொட்டியுள் காற்றோட்டம் இல்லை, அது கூடாது.

அளவு

கினிப்பன்றி கூட்டமாய் வாழும் பிராணி. தனியே வைத்தல் அதற்குத் துன்பமாகும். இரண்டு பெண்களையோ, ஒன்றாக வளர்ந்த இரண்டு ஆண்களையோ சேர்த்து வைக்கலாம். இரண்டிற்கு 4 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள கூடு குறைந்தபட்சம் தேவை. இதிலும் பெரிதாயின் மிக நன்று. இவை ஏறிப் பாய்வனவல்ல, நிலத்திலே ஓடித்திரிவன. ஆதலால் உயரம் ஒன்றரை அடி போதும். நீள அகலத்தைக் குறைத்து உயரத்தைக் கூட்டுவதாற் பயனில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்திருப்பின் குட்டிகள் பெருகும். ஆண் குட்டிகளை மூன்று வாரத்தில் வேறாக்க வேண்டுமாதலின், இரண்டாவது கூடு இன்றி இணைசேர விடற்க. முயலுடன் ஒரே கூட்டில் வைத்தலும் தவறு. முயலின் உதையாற் காயமுண்டாகும், அதனிடமிருந்து சுவாச நோயும் தொற்றும்.

அடித்தளம்

கோழிக்கூட்டிலுள்ள கம்பிவலைத் தளம் கினிப்பன்றிக்கு ஆகாது. அதன் பாதம் மென்மையானது. கம்பியில் நிற்பதாற் புண்ணாகும், காலும் சிக்கி முறியும். தளம் ஒப்பரவான பலகையாயிருத்தல் வேண்டும். சிறுநீர் பலகையில் ஊறாதிருக்க, ஓரம் மடித்த தகரத் தட்டொன்றை அதன்மேல் வைத்து, இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த புல்லைப் பரப்புக. வைக்கோலைப் பயன்படுத்துவோர் பூஞ்சணம் பிடித்ததை நீக்கிவிடுக. நனைந்த பகுதியை நாள்தோறும் அகற்றி, வாரம் ஒருமுறை முழுவதையும் மாற்றுக. அகற்றியது மரக்கறிப் பாத்திக்குரிய கூட்டெருவிற்கு உதவும். பழைய வர்ணம் பூசிய பலகையைப் பயன்படுத்தற்க. பிராணி அதனைக் கொறிக்குமாதலின் வர்ணத்திலுள்ள ஈயம் நஞ்சாகும்.

பகைகளிலிருந்து பாதுகாப்பு

கீரி, மரநாய், பாம்பு, நாய் என்பன இதன் பகைகள். ஆகவே கம்பிவலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படலாகாது. கதவுக்கு உறுதியான கொளுக்கி இடுக. கூட்டை இரண்டரை அடி உயரக் கால்களில் நிறுத்தி, எறும்பு ஏறாவண்ணம் கால்களை நீருள்ள பாத்திரங்களில் வைக்கலாம். அப்பாத்திரங்களை வாரம் இருமுறை தேய்த்துக் கழுவி நீரை மாற்றாவிடின், டெங்கு நுளம்பு பெருகும். மிஞ்சிய உணவை மாலையில் அகற்றுக. அது எலியை அழைக்கும், எலியோடு எலிக்காய்ச்சலும் வரக்கூடும். அஞ்சிய வேளையில் ஒளிந்துகொள்ள, இரு வாயில்களுள்ள சிறு பெட்டியொன்றைக் கூட்டினுள் கவிழ்த்து வைத்தலும் அவசியம்.

உணவு பற்றி ஒரு சொல்

புல்லே முதன்மையான உணவாகும். மனிதரைப் போலவே இதன் உடலும் விற்றமின் சீயை உண்டாக்காது. கறிமிளகாய்த் துண்டொன்றை நாள்தோறும் கொடுத்தல் வேண்டும். பூச்சிநாசினி தெளித்த பாத்தியின் இலையையோ, அதன் வரம்பிற் புல்லையோ ஒருபோதும் இடற்க. தக்காளி, உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இலைகளும் நஞ்சாம்.

மறு ஆண்டு அதே வீட்டில், வேம்பின் கீழ்ப் புதிய கூடொன்று அமைக்கப்பட்டது. ஒரு சனிக்கிழமை நானும் சென்று பலகை அறுத்துக் கொடுத்தேன். கூடு முடிந்ததும் சிறுவன் உடனே பிராணிகளைக் கேட்கவில்லை. ஒரு வாரம் வரை நாள்தோறும் நண்பகலில் வெறுங் கூட்டினுள் வெப்பமானியை வைத்து, அளவைக் கொப்பியில் எழுதினான். சூடு மிகுந்த நாளில் கூரைமேல் இன்னுமொரு வரிசைக் கிடுகு இட்டு, ஈரச்சாக்கும் தொங்கவிட்டான். அதன் பின்னரே இரு பெண் கினிப்பன்றிகள் வாங்கப்பட்டன. வளர்க்க எண்ணும் ஒவ்வொருவரும் இவ்வொழுங்கையே கைக்கொள்வாராக.