அனுமதி இல்லை என்றது கணிப்பொறி!

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிப்பொறி அறிவியல்

“சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. அலுவலகப் படிகளில் ஏறி இறங்கியவர்கள் அனைவரும் இதன் பொருளை நன்கு அறிவர். கணிப்பொறிக்குள்ளும் அப்படி ஒரு பூசாரி உட்கார்ந்திருக்கிறார் என்பதை இக்கல்வியாண்டின் தொடக்கத்தில் நான் அனுபவத்தில் கண்டேன். அவரிடம் வரம் வாங்கிய கதையையும், அதனால் நான் கற்ற பாடத்தையும் மாணவத் தோழர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலை என்ன?

கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, ‘இவர் இக்கல்லூரியில் பயில்கிறார்’ என்னும் போனஃபைட் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பக் காலத்தில் நூற்றுக்கணக்கானோர் ஒரே வாரத்தில் கேட்பர். அலுவலகத்தில் ஒவ்வொன்றையும் வேர்டு மென்பொருளில் திறந்து, பெயரை மாற்றி, அச்சிட வேண்டும். கடைசி நாள் தவறினால் உதவித்தொகை இல்லை. உதவித்தொகை இல்லையேல் எங்களைப் போன்றோர் பலருக்கு அடுத்த பருவம் இல்லை.

நான் எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். நான் பள்ளியில் படித்தபோது, ஒரு சான்றிதழுக்காக என் தாயார் இரண்டு நாள் கூலியை இழந்து ஓர் அலுவலக வாசலில் நின்றார். “யார் நீங்கள்? யாருக்காக வந்தீர்கள்? எதற்கு?” என்று கேட்டுவிட்டு, எந்தக் காகிதம் குறைகிறது என்பதைச் சொல்லாமலே திருப்பி அனுப்பினார்கள். அந்த நினைவு இருந்தபடியால், “இதற்கு ஒரு நிரல் எழுதுகிறாயா?” என்று பேராசிரியர் கேட்டதும் உடனே தலையாட்டிவிட்டேன்.

திட்டம் எளியது. மாணவர் ஆய்வகக் கணிப்பொறியில் தம் பதிவெண்ணைக் கொடுப்பார். சர்வரில் உள்ள என் நிரல் பட்டியலிலிருந்து பெயரையும் வகுப்பையும் எடுத்து, வேர்டை அழைத்து, மாதிரிப் படிவத்தைத் திறக்கச் சொல்லி, விவரங்களை நிரப்பிச் சேமிக்கும். அலுவலகத்தார் அச்சிட்டு முதல்வரிடம் கையொப்பம் பெற்றால் போதும். இவ்வாறு ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளை ஏவி வேலை வாங்குவதையே ஆட்டோமேஷன் என்பர். இதற்கு வழிசெய்யும் ‘காம்’ என்னும் முறையை மைக்ரோசாப்ட் நிறுவனம் 1993இல் அறிமுகப்படுத்தியது.

என் மேசையில் நிரல் அழகாக ஓடியது. சர்வரில் ஏற்றினேன். திரையில் 80070005 என்னும் எண்ணும், ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்னும் செய்தியும் தோன்றின!

முதல் தவறு

பதற்றத்தில் கோப்புறையின் முழு அனுமதியையும் ‘எல்லோருக்கும்’ என்று கொடுத்துப் பார்த்தேன். பயனில்லை. நண்பர் ஒருவர், “நிரலை அட்மினிஸ்ட்ரேட்டர் பெயரிலேயே ஓடவிடு, எல்லாம் திறந்துகொள்ளும்” என்றார். கை அதற்கும் போயிற்று. பேராசிரியர் தடுத்துவிட்டார். “ஒரு சாவி பொருந்தவில்லை என்பதற்காக வீட்டுக் கதவையே கழற்றி வைப்பாயா?” என்றார்.

அவர் கூறியது எவ்வளவு உண்மை! அந்தப் பக்கத்தை யார் வேண்டுமானாலும் திறக்கலாம். என் நிரலில் ஒரு சிறு ஓட்டை இருந்தாலும், அதன் வழியே நுழைபவருக்கு அட்மினிஸ்ட்ரேட்டரின் அதிகாரம் முழுவதும் கிடைத்துவிடும். அதே சர்வரில்தான் எங்கள் மதிப்பெண் பட்டியல்களும் இருந்தன. மேலும், அந்தக் குறுக்குவழியில் வேலை நடந்திருந்தால், முதலில் ஏன் நடக்கவில்லை என்பதை நான் ஒருநாளும் அறிந்திருக்க மாட்டேன்.

கேட்பவர் யார்?

விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு நிரலும் யாரேனும் ஒருவர் பெயரில்தான் ஓடுகிறது. என் மேசையில் அது என் பெயரில் ஓடியது. சர்வரில் வலைப்பக்கங்களைக் கவனிக்கும் ஐஐஎஸ் என்னும் மென்பொருளோ அதைத் தன் அப்ளிகேஷன் பூலின் பெயரில் ஓட்டியது. அந்தப் பெயரை வேர்டின் வாசற்காவலர் அறியார்! ஆகவே, ‘எவ்வளவு அனுமதி தருவது?’ என்பது முதற்கேள்வி அன்று, ‘கேட்பவர் யார்?’ என்பதே முதற்கேள்வி.

இதற்கு விடை சர்வரிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ‘ஈவன்ட் வியூவர்’ என்னும் நாட்குறிப்பில் சிஸ்டம் பகுதியைத் திறந்து, 10016 என்னும் எண்ணுள்ள பதிவுகளைப் பார்க்க வேண்டும். எந்தக் கணக்குக்கு, எந்த மென்பொருளை இயக்கும் அனுமதி இல்லை என்று அது பெயர் குறித்துச் சொல்லும். கோப்புச் சிக்கல் என்றால் ‘பிராசஸ் மானிட்டர்’ என்னும் இலவசக் கருவி, எந்தக் கோப்பில் மறுப்பு வந்தது என்று வரிவரியாகக் காட்டும். இரண்டு நாள் ஊகித்துத் திரிந்த எனக்கு, இரண்டே நிமிடத்தில் விடை கிடைத்தது.

மூன்று வாசல்கள்

முதல் வாசல், வேர்டை எழுப்பும் உரிமை. ‘காம்பொனென்ட் சர்வீசஸ்’ பகுதியில் டிகாம் பட்டியலைத் திறந்தால், வேர்டு தன் பெயரில் இராது. ‘மைக்ரோசாப்ட் வேர்டு 97 - 2003 டாக்குமெண்ட்’ என்னும் பெயரில் ஒளிந்திருக்கும். 64 பிட் விண்டோஸில் 32 பிட் ஆபீஸ் இருந்தால் அதுவும் தெரியாது. அப்பகுதியின் 32 பிட் வடிவைத் திறக்க வேண்டும். அங்கே அந்தப் பூலின் கணக்குக்கு மட்டும் உள்ளூரில் தொடங்கவும், செயற்படுத்தவும், அணுகவும் அனுமதி கொடுத்தேன். 80070005 மறைந்தது.

இரண்டாம் வாசல், எழுந்த வேர்டு யார் பெயரில் இயங்குவது என்பது. இங்கே மூன்று வழிகள் முக்கியமானவை. ‘லாஞ்சிங் யூசர்’ என்றால் அழைத்தவர் பெயரிலேயே இயங்கும். இதில் வேர்டு எழுந்தது. ஆனால் கோப்பைத் திறக்கவில்லை. சர்வரின் சேவைக் கணக்குக்கு நம்மைப்போல் குடியிருந்து பழகிய வீடு இல்லாததே இதற்குக் காரணம். சிஸ்டம் புரொஃபைல் கோப்புறைக்குள் ‘டெஸ்க்டாப்’ என்று ஒரு வெற்றுக் கோப்புறையை உருவாக்கி இதைச் சமாளிப்போர் பலர். அது கைவைத்தியமே அன்றி மருந்தாகாது.

அடுத்து ‘இன்டராக்டிவ் யூசர்’ என்பதைத் தேர்ந்தேன். உடனே எல்லாம் ஓடின! வெற்றி என்று துள்ளினேன். வெள்ளிக்கிழமை மாலையில் நின்றுவிட்டது. திங்கட்கிழமை காலையில் தானாக ஓடியது. மறு வெள்ளியும் அப்படியே. இது என்ன மாயம்? பிறகுதான் புரிந்தது. ‘இன்டராக்டிவ் யூசர்’ என்றால் அப்போது சர்வரின் திரையில் நுழைந்திருப்பவர் என்று பொருள். ஆய்வக உதவியாளர் திங்கட்கிழமை உள்நுழைந்து, வெள்ளிக்கிழமை மாலை முறையாக வெளியேறிவிடுவார். அவர் பெயரில்தான் என் வேர்டு உயிர்வாழ்ந்திருக்கிறது! அவர் தம் கடமையைச் செய்ததும் என் நிரல் அநாதையாயிற்று.

மூன்றாவது வழி ‘திஸ் யூசர்’. இவ்வேலைக்கென்றே அதிகாரம் குறைந்த ஒரு புதுக்கணக்கை உருவாக்கி, அதன் பெயரைக் கொடுத்தேன். அக்கணக்கில் ஒருமுறை உள்நுழைந்து வேர்டைத் திறந்து, அது முதன்முதலில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லி மூடினேன். இது மிக முக்கியம்.

மூன்றாம் வாசல் கோப்புறை. மாதிரிப் படிவம் உள்ள இடத்தில் அக்கணக்குக்குப் படிக்க மட்டும் அனுமதி. சான்றிதழ் சேரும் இடத்தில் எழுதவும் அனுமதி. முன்பு ‘எல்லோருக்கும்’ என்று கொடுத்ததை மறவாமல் நீக்கினேன்.

அனுமதி தீர்க்காத சிக்கல்

கதை இத்துடன் முடிந்ததா? இல்லை. பத்து நாள் கழித்துச் சர்வர் தள்ளாடியது. பார்த்தால் பதினான்கு வேர்டுகள் உள்ளே முடங்கிக் கிடக்கின்றன! மாதிரிப் படிவம் சற்றுப் பழுதாகியிருந்ததால், “சரிசெய்யலாமா?” என்று ஒவ்வொரு வேர்டும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது. யாரிடம் கேட்பது? விண்டோஸ் சர்வர் 2008 முதல், சேவைகள் பயனர் திரையிலிருந்து பிரித்து வைக்கப்பட்ட தனி அமர்வில் ஓடுகின்றன. அங்கே கேள்வியைப் பார்க்கவோ பொத்தானை அழுத்தவோ ஆள் கிடையாது.

அப்போதுதான் மைக்ரோசாப்டின் அறிவிப்பை முழுமையாகப் படித்தேன். மனிதர் எதிரில் அமர்ந்து பயன்படுத்துவதற்கென்றே ஆபீஸ் படைக்கப்பட்டது. ஆளில்லாச் சர்வரில் அதை ஏவுவதைத் தாம் பரிந்துரைப்பதும் இல்லை, ஆதரிப்பதும் இல்லை என்று அவர்களே கூறியுள்ளனர். முதல் நாளே படித்திருக்க வேண்டியதைக் கடைசி நாளில் படித்தேன்!

மாற்றுவழி எளிதாகவே இருந்தது. ஆபீஸ் 2007 முதல் வேர்டு ஆவணம் என்பது சுருக்கிக் கட்டிய ஒரு ஜிப் மூட்டைதான். அதனுள் எக்ஸ்எம்எல் கோப்புகள் உள்ளன. இவ்வடிவம் 2006இல் எக்மா தரமாகவும், 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஏற்கப்பட்டது. மூட்டையை அவிழ்த்து, பெயரை நிரப்பி, மீண்டும் கட்டிவிட்டால் சான்றிதழ் தயார். வேர்டை எழுப்பவே வேண்டியதில்லை. ஓப்பன் எக்ஸ்எம்எல் எஸ்டிகே என்னும் இலவச நூலகம் இதற்கு உதவுகிறது. ஒரே எச்சரிக்கை: படிவத்தில் சாதாரணமாகத் தட்டச்சிடும் ஒரு சொல் உள்ளே பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கக்கூடும். எனவே நிரப்பும் இடங்களைக் கன்டென்ட் கன்ட்ரோல் கொண்டு குறிப்பது நல்லது.

இப்போது என் நிரலுக்கு வேண்டிய அனுமதிகள் இரண்டே இரண்டு. ஒரு கோப்புறையைப் படிக்க. ஒரு கோப்புறையில் எழுத. முதல் இரண்டு வாசல்களும் தேவையற்றுப் போயின.

முடிவுரை

“யார் நீ? யாருக்காக? எதற்கு?” என்று என் தாயாரைக் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்தால், கேள்விகள் தவறல்ல என்று தெரிகிறது. மதிப்பெண் பட்டியலைக் காக்கும் சர்வரும் அதையே கேட்கிறது, கேட்கத்தான் வேண்டும். எது குறைகிறது என்பதைச் சொல்லாமல் திருப்பி அனுப்புவதே தவறு. ஆகவே என் நிரலில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தேன். சான்றிதழ் வராவிட்டால், ‘உங்கள் பதிவெண் பட்டியலில் இல்லை; அலுவலகத்தில் சேர்க்கை ரசீதைக் காட்டவும்’ என்பது போல், குறை இன்னதென்று தமிழிலேயே அது சொல்லும்.

தோழர்களே! ‘அனுமதி இல்லை’ என்று கணிப்பொறி சொன்னால் கதவை உடைக்க ஓடாதீர்கள். கேட்பவர் யார், எந்த வாசலில் நிற்கிறார் என்று முதலில் பாருங்கள். அந்த வாசல் வழியே போக வேண்டிய அவசியம் உண்டா என்பதையும் கூடவே கேளுங்கள். இப்பருவத்தில் என் உதவித்தொகை விண்ணப்பத்துடன் சென்ற சான்றிதழும் அந்நிரல் தந்ததே. அதற்காக என் தாயார் ஒரு நாள் கூலியையும் இழக்கவில்லை.